மூன்றாம் நினைவூட்டலும் ஒரு கோர்வைக் கட்டுரையும்

சென்ற வாரம் கைபேசி அடித்தது. நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது ஆங்கிலம் எடுக்கும் பெண் பேசினாள். நல்ல பெண்தான். மூச்சுக்கு மூச்சு 'மேடம்' போடுவதைத் தவிர வேறு குறை இல்லை.

"மேடம், அசைன்மென்ட் எழுதுங்கன்னு குரூப்ல ரிமைண்டர் போட்டா, புள்ளைங்க எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடுதுங்க மேடம். நோட்டு மட்டும் வர்றதில்ல. உங்க காலத்துல எப்படி மேடம் வாங்கினீங்க? புதுசா சேர்ந்த டீச்சருங்களுக்கு ஒருநாள் வந்து சொல்லுங்களேன்."

உங்க காலமாம்! ஏதோ பல்லவர் காலத்தில் பாடம் எடுத்தவளைக் கேட்பது போலக் கேட்கிறாள். நான் தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் எடுத்தவள். அப்போதும் பிள்ளைகள் கட்டைவிரலைத்தான் காட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் காட்டினார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இதை நேரில் போய்ச் சொன்னால் மாலை போட்டு, சால்வை போர்த்தி, பேசவிடாமல் அனுப்பிவிடுவார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திருப்பருத்திக்குன்றம். சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடுகிறவர்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் ஞானம் பிறக்கும். ஆகவே என் உத்தியோகத்தில் பாதி, கூட்டத்தின் நடுவில் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவதில் கழிந்தது. ஆசிரியப் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 'மாணவரின் சொந்தச் சிந்தனையை வளர்ப்பது எப்படி' என்று ஒரு பாடம் இருந்தது. வகுப்பு முழுவதும் ஒரே நோட்ஸை உருப்போட்டு, ஒரே பதிலை எழுதி, எல்லோரும் தேறினோம்.

வேலை கிடைத்தது காஞ்சிபுரத்தில் பெண்களுக்கான ஓர் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில். அங்கே ஒன்பதாவது, பத்தாவதில் இங்கிலீஷ் மீடியம் பிரிவு ஒன்று உண்டு. அதற்கு நான். கதையும் செய்யுளும் நடத்த வேண்டும், துணைப்பாடக் கதைகளிலிருந்து மாதம் ஓர் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். கொடுப்பது சுலபம். வாங்குவதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சாக்குகளுக்கு ஈடு கிடையாது. மற்ற ஊரில் பாட்டியைச் சாகடிப்பார்கள். இங்கே பெருமாளையே இழுப்பார்கள். "கருடசேவைக்கு சொந்தக்காரங்க வந்துட்டாங்க மிஸ், வீட்ல உக்கார இடமில்ல." கருடசேவை முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், சொந்தக்காரர்கள் போன பாடில்லை. "ஆவணி முகூர்த்தத்துக்கு சேலை குடுக்கணும் மிஸ்." "சாயம் போட்ட நூலை நோட்டு மேல வெச்சிட்டாங்க மிஸ், எல்லா பக்கமும் செவப்பாயிடுச்சி." அந்தச் சிவப்பு நோட்டைக் காட்டச் சொன்னால் அது வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், ஏதோ இங்கே எல்லோரும் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது போல. காலாட்டுவது தறிக்குழியில், கட்டையை மிதிப்பதற்கு. என் வகுப்பில் பாதிப் பேர் காலையில் அதை மிதித்துவிட்டுத்தான் முதல் மணிக்கு வருவார்கள்.

இனி எங்கள் தாளாளர். சென்னையில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, தினமும் பாசஞ்சர் வண்டியில் போய் வந்து, ஓய்வு பெற்று, பள்ளிக்கு வந்து சேர்ந்தவர். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார். ஆனால் பள்ளிக்கூடம் என்பது பிள்ளைகள் நடமாடும் ஓர் அலுவலகம் என்பது அவர் முடிவு. அவர் கொண்டுவந்த சட்டம்தான் நினைவூட்டல்.

அசைன்மென்ட் கொடுக்காத பிள்ளைக்கு முதலில் வெள்ளைச் சீட்டு. 'நினைவூட்டல் ஒன்று' என்று தலைப்பு. அடுத்த மாதமும் இல்லையென்றால் மஞ்சள் சீட்டு, பெற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ரோஸ் சீட்டு, அதாவது மூன்றாம் நினைவூட்டல். ரோஸ் சீட்டோடு கூடவே மாற்றுச் சான்றிதழும் போகும். பிள்ளை வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சீட்டை எழுதுவது ஆசிரியை. அதைத் தாளாளர் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒருமுறை படித்து, பச்சை மையில் கையெழுத்திட்டு, மூன்றாக மடிப்பார். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்ப்பார். மடிப்பு கோணலாகப் போனால் பிரித்து மறுபடி மடிப்பார். அந்தச் சிரத்தையைப் பார்த்தால் நமக்கே ஒரு நினைவூட்டல் வாங்கிக்கொள்ளலாமா என்று ஆசை வரும்.

"நான் யாரையும் மிரட்டறதில்லம்மா. ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான்" என்பார்.

உண்மையில் இது எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும். அதற்குப் பத்தாவதில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம். அது கஷ்டம். ஒன்பதாவதிலேயே தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை மூன்று சீட்டில் வெளியே அனுப்பிவிடலாம். இது சுலபம், செலவும் மூன்று காகிதம்தான். அசைன்மென்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அட்டை போட்டிருக்கிறதா, பெயர் எழுதியிருக்கிறதா, ஓரத்தில் ஜிகினா ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். எங்கள் வகுப்பில் ஜிகினாவுக்குப் பஞ்சமே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஒன்பதாவதில் சங்கரி என்றொரு பெண் வந்து சேர்ந்தாள். பிள்ளையார்பாளையத்துப் பெண். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். கணக்கில் சுமார், அறிவியலில் அதைவிடச் சுமார். அசைன்மென்ட் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஏன் என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். கருடசேவைகூடச் சொல்லவில்லை. சாக்குச் சொல்லத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஆசிரியை என்னதான் செய்வது? வெள்ளைச் சீட்டு போயிற்று. மஞ்சள் சீட்டும் போயிற்று.

மஞ்சள் சீட்டுக்கு அவள் அம்மா வந்தாள். தறிக்குழியிலிருந்து நேராக எழுந்து வந்தவள் என்பது கையில் ஒட்டியிருந்த பட்டு இழையிலேயே தெரிந்தது.

"இதுல இன்னாம்மா போட்டிருக்குது?"

"உங்க பொண்ணு கட்டுரை குடுக்கலன்னு போட்டிருக்குது. இன்னொரு சீட்டு வந்தா டிசி குடுத்துடுவாங்க."

அவள் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குடுத்துட்டா அதுவும் முழுநேரமும் தறியில வந்து உக்காந்துடும்மா. நான் எங்கம்மா கூட கோர்வைக்கு உக்காந்தவ. இன்னும் எழுந்திரிக்கல. இதாச்சும் எழுந்திரிக்கட்டும்னுதான் இங்கிலீஷ்ல போட்டேன். அது எழுதுதேம்மா! ராத்திரியில எழுதிக்கினுதான் இருக்குது."

எழுதுகிறவள் ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. மை ஒற்றி, பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்கு எலுமிச்சை சாதம் இறங்கவில்லை.

விடை அந்த வாரமே தெரிந்தது, அதுவும் வகுப்பு முழுவதும் பார்க்கத் தெரிந்தது. துணைப்பாடத்தில் ஒரு கதை. கப்பலே வராத ஒரு கரையில், வருஷக்கணக்காகத் தினமும் விளக்கேற்றும் ஒரு கிழவன். அவன் குணநலன்களை எழுதி வரச் சொல்லியிருந்தேன். வந்த நோட்டுகளில் கிழவன் ஒரே மாதிரி உத்தமனாக இருந்தான், நோட்ஸ் எழுதியவர் அவனை அப்படித்தான் படைத்திருந்தார். ஹேமாவின் நோட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஹேமா வகுப்பில் முதல் ரேங்க். தாளாளரின் செல்லம். சங்கரியின் பக்கத்து வீடு. ஹேமாவின் அப்பா தறியில்தான் சங்கரியின் அம்மாவுக்கு வேலை. நோட்டைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்ததால் எழுந்து படிக்கச் சொன்னேன்.

ஹேமா முதல் வரியைப் படித்தாள். கிழவன் கடமை தவறாதவன் என்று. படித்துவிட்டு நிறுத்தினாள்.

ஏன் நிறுத்துகிறாள் என்று நான் நிமிர்வதற்குள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது: ஆனால் கப்பல் வருகிறதா என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை.

சங்கரி. கையில் நோட்டு இல்லை, காகிதம் இல்லை. தான் பேசியதே தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேமா அடுத்த வரியைப் படித்தாள். அவன் ஒருநாளும் கடமை நேரத்தில் தூங்கியதில்லை. கடைசி பெஞ்ச் சொன்னது: வேலை போய்விடும் என்ற பயத்தில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஹேமா: அவன் நமக்கெல்லாம் ஒரு முன்மாதிரி. கடைசி பெஞ்ச்: அப்படியென்றால் ஏன் அவன் பக்கத்தில் யாருமே இல்லை?

நோட்டைப் பார்த்தேன். வரிக்கு வரி அப்படியே இருந்தது. வகுப்பில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கெல்லாம் இது முன்பே தெரியும். இந்த வகுப்பில் எதுவும் தெரியாத ஒரே ஆள் ஆசிரியைதான். அந்தப் பதவிக்கு அதுதான் தகுதி என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

மதிய இடைவேளையில் இரண்டு பேரையும் நிற்க வைத்தேன்.

"யாருடி எழுதினது?"

"ரெண்டு பேரும் மிஸ்" என்றாள் ஹேமா, கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லாமல். "நான் ஒரு வரி சொல்வேன். அது ஒரு வரி திருப்பிப் போடும். கோர்வை மாதிரி மிஸ்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்பவர் ஒரு பக்கத்திலிருந்து நூல் சுற்றிய நாடாவை வீசுவார். மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து, அந்த நிறத்து நாடாவைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருத்தர் வீசாவிட்டால் மற்றவர் கை சும்மா இருக்க வேண்டியதுதான். ஹேமாவின் அப்பா தறியில் மறுபக்கம் உட்காருவது சங்கரியின் அம்மா. அம்மாவுக்கு முடியாத நாளில் சங்கரி.

"சரி, ரெண்டு பேர் எழுதினா ரெண்டு பேரும் பேர் போட வேண்டியதுதானே?"

ஹேமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சேலையில ரெண்டு பேர் பேரு போடுவாங்களா மிஸ்? தறி யாருதோ அவங்க பேர்லதான் போவும். நோட்டு என்னுது மிஸ்."

நான் சங்கரியிடம் திரும்பினேன். "ஏன்டி, நீ அதையே உன் நோட்டுல ஒரு காப்பி எழுதிக் குடுத்திருந்தா சீட்டு வந்திருக்காதே?"

சங்கரி வாய் திறந்தாள். என்னிடம் அவள் முதல் முதலாகப் பேசியது அதுதான். "குடுத்த சேலையையே இன்னொரு தபா எப்டி மிஸ் குடுக்கறது? அது ஏமாத்தறதாயிடாது?"

கேட்டீர்களா? வகுப்பு முழுவதும் ஒரே நோட்ஸை அச்சடித்துக் கொடுத்து, டிக் வாங்கி, ஜிகினா ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதையைப் படித்துவிட்டு யோசித்த ஒருத்தி, ஏமாற்றக் கூடாது என்று சும்மா இருந்து, மஞ்சள் சீட்டு வாங்கியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆக மொத்தம் எல்லோர் மேலும் கோபப்பட்டு வைத்தேன்.

அன்று மாலை தாளாளர் அறைக்குப் போனேன். மேஜை மேல் ரோஸ் சீட்டு தயாராக இருந்தது, என் எழுத்துக்குக் காத்துக்கொண்டு.

"சங்கரிதானேம்மா? எழுதிடுங்கோ. பொழுது போயிண்டிருக்கு, நீங்க வேற சாப்பிடணும்" என்றார், மிகுந்த அக்கறையோடு.

"சார், அந்தப் பொண்ணு கட்டுரை குடுத்திருக்கா. ஹேமாவோட சேர்ந்து எழுதியிருக்கா."

"ஒரு நோட்டு, ஒரு பேர்தானேம்மா. சேர்ந்து எழுதினது செல்லாது."

"அப்போ ஹேமாவுக்கும் செல்லாது சார். அவளுக்கும் வெள்ளைச் சீட்டு எழுதிடவா?"

மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஹேமா மாவட்டத்திலேயே முதலில் வருவாள் என்று நிர்வாகக் குழுவிடம் அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். "இல்லையில்லை. அவசரப்படாதீங்கோ."

நான் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் மொழியிலேயே எழுதினேன். இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரை இருவருக்கும் கணக்காகுமா, ஒருவருக்கு மட்டுமா, எவருக்குமே ஆகாதா என்று விதியைச் சுட்டித் தெளிவுரை வழங்கக் கோருகிறேன். கையெழுத்துப் போட்டேன். மூன்றாக மடித்தேன். மடிப்பை நகத்தால் தேய்த்தேன். அவர் கையில் கொடுத்தேன்.

பிரித்துப் படித்தார். முகத்தில் ஒரு பழைய சந்தோஷம் தெரிந்தது. இவ்வளவு ஒழுங்கான காகிதம் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வந்திருக்காது.

"இதுக்கு விதியே இல்லையேம்மா."

"அதனாலதான் சார் கேக்கறேன்."

"முன் உதாரணம் ஏதாவது இருக்கா?"

"தேடிப் பாக்கணும் சார்."

"தேடுங்கோ." பச்சைப் பேனாவை எடுத்து மேலே 'நிலுவை' என்று எழுதினார். "ஒரு காகிதம் நிலுவையில இருக்கறச்சே அது மேல நடவடிக்கை எடுக்கப்படாது. என் சர்வீஸ்ல நான் எடுத்ததில்ல." ரோஸ் சீட்டை இழுப்பறையில் வைத்து மூடினார்.

நான் டப்பாவைத் திறந்து அவர் எதிரிலேயே சாப்பிட்டேன். சூரியன் இன்னும் இருந்தது.

ஆனால் அலுவலகச் சட்டத்தில் இன்னொன்று உண்டு. கேட்டவர் திரும்பக் கேட்காவிட்டால், 'வலியுறுத்தவில்லை' என்று எழுதிக் காகிதத்தை முடித்துவிடலாம். முடித்துவிட்டால் இழுப்பறை திறந்துவிடும். ஆகவே மாதம் பிறந்தால் நான் அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினேன். முதலில் வெள்ளை, தலைப்பு 'நினைவூட்டல் ஒன்று'. அடுத்தது மஞ்சள். பியூன் அதை வாங்கிக்கொண்டு போகும்போது, குருக்கள் தட்டில் தேங்காய் மூடி கொண்டுபோவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார். ஒருநாள் தாளாளரே ஆசிரியைகள் அறைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா இது, எனக்கே நினைவூட்டலா?"

"நான் மிரட்டல சார். ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான்."

மற்ற ஆசிரியைகள் எல்லோரும் திடீரென்று நோட்டு திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்புப் பேனா அசையவில்லை, தோள்தான் குலுங்கியது. மனிதர் பாவம், முகம் சுருங்கித்தான் போயிற்று. ஆனாலும் போய், 'பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது' என்று பச்சை மையில் எழுதி அனுப்பினார். விதி என்றால் விதி. அந்த நேர்மைக்காக அவரை இன்றைக்கும் கும்பிடலாம். காகிதத்திடம் காட்டிய அந்த நேர்மையைப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் காட்டியிருந்தால் ஊர் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்.

இப்படியே சங்கரி பத்தாவதுக்கு வந்துவிட்டாள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புகிறவரை காகிதத்தை நிலுவையில் வைத்துவிட்டால் போதும், பிறகு அவளை யாரும் அசைக்க முடியாது என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். சாமர்த்தியசாலி என்று என்னையே நான் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அரையாண்டுத் தேர்வு வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

தேர்வில் ஹேமா ஓர் அறையில், சங்கரி வேறோர் அறையில். பத்தாவதின் துணைப்பாடத்திலும் ஒரு கிழவன், அவன் குணநலன்தான் கேள்வி. ஹேமாவின் தாள் வழவழவென்று இருந்தது. கிழவன் உத்தமன், மேலும் உத்தமன், ஆகவே உத்தமன். மார்க் போட்டே ஆக வேண்டும், போட்டேன். சங்கரியின் தாளில் கட்டுரையின் முதல் சொல்லே 'ஆனால்'. எதற்கு ஆனால், யாருக்கு ஆனால் என்று ஒன்றும் இல்லை. அடுத்த வரி, 'இல்லை, அது காரணமல்ல'. நடுவில் ஒரு வரி இடம் விட்டிருந்தாள். இடம் விட்டு, மறுப்பு. இடம் விட்டு, மறுப்பு. ஃபெயில்.

கூப்பிட்டேன். "முதல் வரி எங்கடி?"

"அது ஹேமா போடறது மிஸ்."

"ஹேமா வேற ரூம்ல இருந்தாளேடி."

"தெரியும் மிஸ். கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தேன். வரல."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவதற்கு ஒரு சௌகரியம் உண்டு, கண் கலங்கினாலும் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதே வாரம் பெயர்ப் பட்டியல் போயிற்று. தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தப் பொண்ணு பேரும் போயிடுத்தும்மா. உங்க காகிதம் நிலுவையிலேயே இருந்துடுத்து. அவ பரீட்சையில போயிட்டா என் நூறு போச்சு. உங்க பேர்லதான் எழுதிக்கணும்." மிரட்டவில்லை, வழக்கம்போல ஞாபகப்படுத்தினார். அவருக்கு நூறு போகும். சங்கரி ஃபெயிலானால் அவளுக்கு எது போகும் என்பதை அவள் அம்மா என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

பள்ளி விட்டதும் சங்கரியை வகுப்பில் உட்கார வைத்தேன். "முதல் வரியையும் நீயே எழுது. ஊர்ல எல்லாரும் எழுதுற வரியை எழுது. கிழவன் நல்லவன்னு எழுது."

"எனக்கு அப்டி தோணலியே மிஸ். தோணாததை எழுதினா பொய்யாயிடாதா?"

"ஆமாம், பொய்தான். எழுது. எழுதிட்டு அடுத்த வரியில அதை நீயே அடி."

எழுதினாள். எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அதட்டினாலும் பேனா நகரவில்லை. பிறகு சட்டென்று எழுந்து, தாளையும் இழுத்துக்கொண்டு, பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து மறுப்பு வரியை எழுதினாள். எழுந்து இந்தக் கோடிக்கு வந்தாள். நல்லவன் வரி. மறுபடி அந்தக் கோடி. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் பெஞ்சை நாலு தடவை தேய்த்துவிட்டாள். ஆனால் கட்டுரை முழுசாக இருந்தது, இரண்டு குரலிலும்.

"இப்படி ஹால்ல ஓடினா வெளிய புடிச்சுத் தள்ளுவாங்கடி" என்றேன்.

அதற்கப்புறம் அந்த ஓட்டத்தைக் குறைப்பதுதான் பாடம். முதலில் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, இடது பக்கம் சாய்ந்து ஒரு வரி, வலது பக்கம் சாய்ந்து ஒரு வரி. பிறகு தோளை மட்டும். ஆசிரியப் பயிற்சியில் சொந்தச் சிந்தனையை வளர்க்கப் பதினெட்டு வழி சொல்லிக்கொடுத்தார்கள், பெஞ்ச் ஓரமாகச் சாய்வது அதில் இல்லை. நான் பொழுது சாய்வதற்குள் எலுமிச்சை சாதத்தை முடிப்பேன், அவள் ஒரு பக்கத்தை முடிப்பாள். கிளம்பித் தறிக்குப் போய்விடுவாள்.

பொதுத்தேர்வு ஆங்கிலத்தன்று நான் பள்ளி வாசலில் நின்றேன். கூட்டத்தோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ஓடி வருகிற பெண் இல்லை அவள்.

"சூப்பர்வைசர் சார் ஏம்மா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினுக்கிறேன்னு கேட்டாரு மிஸ். வயித்து வலின்னு சொல்லிட்டேன்."

"எழுதினியாடி?"

"எழுதிட்டேன் மிஸ். ரெண்டு பக்கமும் நானே போட்டேன்."

முடிவு வந்தது. எங்கள் பள்ளிக்கு நூறு வரவில்லை. போனது சங்கரியால் அல்ல. ஒரு வெள்ளைச் சீட்டுகூட வாங்காமல், எல்லா அசைன்மென்டையும் ஜிகினா ஒட்டிக் கொடுத்த ஒரு பெண் கணக்கில் போய்விட்டாள். அவளுக்கு யாரும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. தாளாளர் அறைக் கதவு அன்றைக்குச் சாத்தியே இருந்தது.

தேறியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பள்ளி வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் பலகைக்கு முன்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சங்கரியின் அம்மா. கையில் அதே பட்டு இழை.

"எம்மா, அது பேரு எங்க போட்டிருக்குது?"

விரலால் காட்டினேன். அவள் கிட்டே போய், தொடாமல் பார்த்தாள்.

"பக்கத்துல வேற யார் பேராச்சும் இருக்குதா?"

"இல்லம்மா. அந்த வரியில அவ பேரு மட்டும்தான்."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தபா படிங்கம்மா" என்றாள்.

படித்தேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் படித்தேன். பொழுது சாய்ந்து, டப்பா திறக்காமலே இருட்டிவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, எனக்கு அது ஞாபகமே வரவில்லை.